1822 மாதிரிக் காலாட்படை அதிகாரி வாள்: பித்தளைக் கைக்காப்பும் எஃகு உறையும் ஒரே காலத்தவையா?

கோட்டைவாசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரிகள் அணிந்த 1822 மாதிரி (அதாவது அந்த ஆண்டு விதிக்கப்பட்ட வடிவத்து) வாள் ஒன்றை அண்மையில் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஏலத்தில் வாங்கினேன். அலகைவிட அதன் உலோகப் பாகங்களே என்னைக் குழப்புகின்றன என்பதால் அவற்றைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கைக்காப்பு வார்ப்புப் பித்தளை. தேவாலயச் சன்னலின் கம்பிகளைப் போல வளைந்து பிரியும் கோதிக் வேலைப்பாடு கொண்டது, நடுவில் உள்ள நீள்வட்டச் சட்டத்துக்குள் கிரீடமும் "வி.ஆர்." என்ற விக்டோரியா அரசியின் முத்திரை எழுத்துகளும் உள்ளன. உடலை நோக்கிய பக்கத்தில் சிறு தகடு ஒன்று இருக்கிறது. அதன் அடியில் கீல் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் தகடு மடங்கவில்லை. கீலின் நெடுகே சாம்பல் நிறத்தில் ஈயப்பற்று ஓடியிருக்கிறது. பிடி திருக்கை மீன் தோலால் போர்த்தப்பட்டு, முறுக்கிய பித்தளைக் கம்பி சுற்றப்பட்டது. அலகு லேசாக வளைந்தது; ஒற்றைப் பள்ளம் ஓடுகிறது; நீளம் ஏறக்குறைய 82 செ.மீ. பிடியை ஒட்டிய இடத்தில் "புரூவ்டு" என்று பொறித்த சிறு பித்தளை வில்லை பதிக்கப்பட்டுள்ளது. அலகின் முதுகில் எண் எதுவும் இல்லை. உறை முழுவதும் எஃகு; இரண்டு வளையங்கள் உள்ளன.

ஏல நிறுவனத்தின் குறிப்பில் "விக்டோரியா காலம்" என்ற இரண்டே சொற்கள்தாம் இருந்தன. அறுபத்து மூன்று ஆண்டுகள் நீண்ட ஆட்சிக் காலத்தில் இது எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதைப் பாகங்களைக் கொண்டு சொல்ல முடியுமா? கைக்காப்பில் கருமை படிந்திருக்கிறது. ஊரில் குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி போட்டுத் துலக்கலாமா என்ற ஆசையும் இருக்கிறது. கையை வைப்பதற்கு முன் கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது.

—

பூண் எழுதியது:

புளியை எடுக்காமல் கேட்டதற்கு நன்றி. அதற்கு ரசக்குடுவை ஐயா விரிவாகப் பதில் சொல்வார் என்பதால் நான் காலத்தை மட்டும் பார்க்கிறேன்.

இந்த வகை வாளில் கைக்காப்பு, அலகு, உறை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வயது உண்டு என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அதிகாரிகள் தம் வாளைத் தம் காசில், தமக்குப் பிடித்த கடையில் வாங்கினார்கள்; விதி மாறும்போது சிலர் புது வாள் வாங்கினார்கள், சிலர் பழையதையே மாற்றியமைத்துக்கொண்டார்கள், தந்தையின் அலகுக்குப் புதுப் பிடி போட்டுக்கொண்ட மகன்களும் உண்டு. அதனால் ஒரு பாகத்தைப் பார்த்து முழு வாளுக்கும் ஆண்டு குறிப்பது பெரும்பாலும் தவறாக முடியும்.

முதலில் முத்திரை எழுத்து. இதே கோதிக் கைக்காப்பு நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம், விக்டோரியா என்று மூன்று ஆட்சிகளின் எழுத்துகளோடும் கிடைக்கிறது. உங்களுடையதில் "வி.ஆர்." இருப்பதால் கைக்காப்பு 1837க்கு முந்தையது அல்ல. அடுத்தது அந்த மடக்குத் தகடு. வாள் இடுப்பில் தொங்கும்போது கைக்காப்பின் உட்பக்கம் உடையை உராயாமல் தொடையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும் என்பதற்காக 1822இலேயே அதற்குக் கீல் வைத்தார்கள். 1854இல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, உட்பக்கத்தையும் ஒரே வார்ப்பாக்கினார்கள். கீலோடு இருக்கும் உங்கள் கைக்காப்பு 1837க்கும் 1854க்கும் இடையில் வார்க்கப்பட்டது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

அலகு அந்த இடைவெளியை இன்னும் சுருக்குகிறது. 1822 மாதிரியின் தொடக்க கால அலகின் முதுகில் குழாய் போன்ற உருண்ட தண்டு ஓடும். அதனால்தான் அதைக் குழாய்முதுகு அலகு என்பார்கள். வெட்டும்போது அந்தத் தண்டு குறுக்கே தடுக்கும் என்ற குறை பலகாலம் பேசப்பட்டு, 1845இல் லண்டன் ஆயுதத் தயாரிப்பாளர் ஹென்றி வில்கின்சன் வடிவமைத்த பள்ளமிட்ட அலகு அதனிடத்தில் வந்தது. உங்களுடையது அந்த இரண்டாம் வகை. அலகும் கைக்காப்பும் ஒன்றாகவே பிறந்தவை என்றால், வாள் 1845 முதல் 1854 வரையிலான ஒன்பது ஆண்டுகளுக்குள் அடங்கும்.

"என்றால்" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். அலகின் காம்பு பிடிக்குள் நுழைந்து, தலைப்பகுதியில் உள்ள சிறு பொத்தானின் மேல் அடித்துப் பரத்தப்பட்டிருக்கும். அந்த முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். சுற்றிலும் புதுச் சுத்தியல் தடங்கள், அரத் தேய்ப்பு, பொத்தானின் வேலைப்பாடு நசுங்கியிருத்தல் ஆகியவை இருந்தால் யாரோ ஒருமுறை கழற்றி மாட்டியிருக்கிறார்கள். முனையும் பொத்தானும் ஒரே சீராகத் தேய்ந்து, இடையில் உள்ள கோடு கண்ணுக்கே தெரியாமல் இருந்தால் நிம்மதி கொள்ளலாம்.

"புரூவ்டு" வில்லையைக் கண்டு அது வில்கின்சன் செய்தது என்று எண்ண வேண்டாம். அலகைச் சோதித்துத் தேறியதன் அடையாளமாக அந்த வில்லையைப் பதிப்பதும், அதைச் சுற்றி ஆறுமுனை நட்சத்திரம் பொறிப்பதும் வில்கின்சனால் புகழ்பெற்றது உண்மைதான். ஆனால் மற்றப் பட்டறைகளும் அதே போன்ற வில்லையைப் பதித்தன. 1850களின் நடுப்பகுதியிலிருந்து வில்கின்சன் தன் நல்ல வாள்களின் முதுகில் வரிசை எண் பொறித்து, அதைச் சோதனைப் பதிவேட்டிலும் ஏற்றியது. எண் இல்லை, பெயரும் இல்லை என்றால் வில்லையை மட்டும் நம்பிப் பெயர் சூட்ட முடியாது.

—

உறைக்குள் எழுதியது:

பூண் சொன்ன காலக்கணக்கோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் உறை அதற்குள் அடங்கவில்லை.

இந்த மாதிரிக்கு உரிய உறையில் அதிகாரியின் பதவி தெரியும். சாதாரணக் காலாட்படை அதிகாரிக்குக் கறுப்புத் தோல் உறை. அதன் வாயிலும் நடுவிலும் நுனியிலும் பித்தளைப் பூண்கள் இருக்கும். மேஜரும் அதற்கு மேற்பட்டவர்களும் முழுப் பித்தளை உறை அணிந்தார்கள். அட்ஜுடன்ட் என்னும் படைப்பிரிவு நிர்வாக அதிகாரிக்கு எஃகு உறை. 1866இல்தான் தோல் உறையை நீக்கிவிட்டு, மற்ற அதிகாரிகளுக்கும் எஃகு உறை விதிக்கப்பட்டது. தோல் மழையில் ஊறி, வெயிலில் சுருங்கி, பூண்களை ஒட்டிய இடத்தில் ஒடிந்துவிடும். வாளின் முழு எடையும் வளையம் மாட்டிய இரண்டு பூண்களில் தொங்கினால் நடுத்தோல் எத்தனை நாள் தாங்கும்? இன்று கிடைக்கும் தோல் உறைகளில் பல நடுவில் முறிந்தே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே இரண்டே வழிகள் உள்ளன. முதலாவது, வாளை அணிந்தவர் 1854க்கு முன்பே அட்ஜுடன்டாக இருந்திருக்க வேண்டும். மற்றொன்று, தோல் உறை வீணானபின், 1866க்குப் பிறகு வந்த எஃகு உறை ஒன்றை யாரோ சேர்த்திருக்க வேண்டும். அது அதிகாரியாகவும் இருக்கலாம், நூறு ஆண்டு கழித்து வந்த வியாபாரியாகவும் இருக்கலாம். முதல் கதை அழகானது. அதனாலேயே விற்பவர்கள் அதை விரும்புவார்கள். எஃகு உறையோடு வரும் ஒவ்வொரு பழைய வாளையும் அட்ஜுடன்டின் வாள் என்று எழுதிவிட்டால், அன்றைய படையில் அட்ஜுடன்டுகளைத் தவிர வேறு யாருமே இருந்திருக்க முடியாது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. உறையின் வாய்த்தகட்டை இரண்டு சிறு திருகுகள் பிடித்திருக்கும். அவற்றைக் கழற்ற வேண்டாம். வாளை மெதுவாக உள்ளே செலுத்திப் பாருங்கள். தனக்கென்று செய்த உறையில் அலகு கடைசி வரை ஒரே சீரான பிடிப்போடு இறங்கி, கைக்காப்பின் அடி வாய்த்தகட்டின் மேல் இடைவெளி இன்றி அமரும். வளைவு மாறுபட்டால் நடுவழியில் முதுகோ நுனியோ உரசும். பலம் கொடுத்து அழுத்தாதீர்கள்.

—

ரசக்குடுவை எழுதியது:

கோட்டைவாசல் தம்பிக்கு: புளி வேண்டாம், பித்தளைப் பொடி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், அம்மோனியா கலந்த பாலிஷ் வேண்டவே வேண்டாம்.

உங்கள் கைக்காப்பு வெறும் பித்தளை அல்ல. அது பொன்முலாம் பூசிய பித்தளை. பெரும்பகுதியில் முலாம் தேய்ந்திருந்தாலும், நீள்வட்டச் சட்டத்தின் உள்மூலைகளிலும் கிரீடத்தின் பள்ளங்களிலும் கம்பிகள் பிரியும் இடுக்குகளிலும் அது எஞ்சியிருக்க வாய்ப்பு மிகுதி. கருமை என்று நீங்கள் காண்பது, முலாம் போன இடத்தில் பித்தளை காற்றோடு சேர்ந்து கறுத்தது. புளியில் உள்ள அமிலம் அந்தக் கறுப்பைக் கரைப்பதோடு நிற்காது. முலாம் என்பது நுண்ணிய துளைகள் உள்ள மெல்லிய படலம். அமிலம் அந்தத் துளைகள் வழியே இறங்கி, அடியில் உள்ள பித்தளையைத் தின்று, மேலே மிஞ்சியிருக்கும் பொன்னைச் செதிலாகக் கழற்றிவிடும். குத்துவிளக்கில் இழப்பதற்கு முலாம் இல்லை, இதில் இருக்கிறது.

அந்த மிச்சத்தில் தொழில்நுட்ப வரலாறும் இருக்கிறது. பழைய முறையில் பொன்னைப் பாதரசத்தில் குழைத்து, பித்தளையின் மேல் தடவி, நெருப்பில் காட்டுவார்கள்; பாதரசம் ஆவியாகிப் போக, பொன் ஒட்டிக்கொள்ளும். படலம் தடிமனாகவும் நிறம் ஆழமாகவும் இருக்கும். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகள் நடுக்கமும் பல்லுதிர்வும் கண்டு அழிந்தார்கள். 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். உங்கள் வாள் உருவானதாகப் பூண் கணித்திருக்கும் ஆண்டுகளில் இரண்டு முறைகளும் பக்கத்துப் பக்கத்துப் பட்டறைகளில் நடந்துகொண்டிருந்தன.

செய்ய வேண்டியது இவ்வளவே: காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்புக் கரைசலைச் சில துளிகள் விட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் அழுக்கை மட்டும் ஒற்றி எடுங்கள். மீன் தோல் நனையக் கூடாது. பித்தளை தோலைத் தொடும் இடங்களில் பச்சை மெழுகு போலக் களிம்பு கட்டியிருக்கும். தோலின் கொழுப்பும் செம்பும் கூடி உண்டாவது அது. கூராக்கிய மூங்கில் குச்சியால் அதைச் சுரண்டலாம், உலோக ஊசி கூடாது. பிறகு அருங்காட்சியகங்களில் பயன்படும் நுண்படிக மெழுகை மெல்லியதாகத் தடவி, பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

—

கோட்டைவாசல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. உருப்பெருக்கியில் பார்த்ததை எழுதுகிறேன். காம்பின் முனை பொத்தானோடு ஒன்றிப்போய் இருக்கிறது, கோடு தெரியவில்லை, சுத்தியல் தடமும் இல்லை. கிரீடத்தின் மேலுள்ள சிலுவையைச் சுற்றி, நகக்கண் அளவுக்குக் கூட இல்லாத இடத்தில், மஞ்சள் சற்றும் மங்காமல் இருக்கிறது. மற்ற இடங்களின் பித்தளை நிறத்தோடு ஒப்பிட்டால் அது பொன்தான் என்பதில் ஐயம் இல்லை. அலகுக்கும் கைக்காப்புக்கும் இடையில் மழைநீர் உறைக்குள் இறங்காமல் தடுக்கும் தோல் வில்லையும் நைந்த நிலையில் இருக்கிறது.

ஒரு பொதுக் கேள்வி. கைக்காப்பின் கம்பிகளை விரலால் அழுத்திப் பார்த்தால் அவை அத்தனை உறுதியாகத் தோன்றவில்லை. ஒரு கம்பி முன்பே சற்று உள்வாங்கியிருக்கிறது. எதிரியின் வெட்டை இந்தப் பித்தளைக் கம்பிகள் உண்மையிலேயே தடுத்திருக்குமா?

—

குதிரைலாயம் எழுதியது:

தடுத்திருக்காது என்பதே என் கருத்து. காலாட்படை அதிகாரியின் பித்தளைக் கைக்காப்பை ஆயுதத்தின் பாகமாக எண்ணுவதைவிடச் சீருடையின் பொத்தான் வரிசையில் வைத்து எண்ணுவதே பொருத்தம். தோள்பட்டைச் சரிகையும் பொத்தானும் பொன்னிறம், ஆகவே வாளும் பொன்னிறம். அதற்கு மேல் அதில் போர்ச் சிந்தனை எதுவும் இல்லை. வெட்டி வாழ வேண்டிய குதிரைப்படை, கையைக் காக்கும் வேலையை இரும்பிடமும் எஃகிடமும்தான் ஒப்படைத்தது.

1796 மாதிரி இலகு குதிரைப்படை வாளைப் பாருங்கள். லெ மார்ச்சன்ட் என்ற அதிகாரியும் பர்மிங்காமின் ஹென்றி ஆஸ்பர்ன் என்ற வாள் செய்பவரும் சேர்ந்து உருவாக்கியது அது. கைக்காப்பு ஒரே ஒரு இரும்புப் பட்டைதான். குதிரைச் சேணத்தின் அங்கவடி போன்ற எளிய வளைவு. ஆனால் பிடியின் முதுகுத் தகட்டிலிருந்து இரண்டு பக்கமும் காதுகள் போல நீளும் பகுதிகளின் வழியே ஒரு ஆணி, காம்பையும் துளைத்துச் செல்லும். பிடி ஆடாது, கழலாது. அலங்காரம் என்று அதில் எதுவும் இல்லை. 1821இல் வந்த மூன்று பட்டைக் கைக்காப்பும் எஃகு. பீரங்கிப் படை அதிகாரிகளும் அதையே எடுத்துக்கொண்டார்கள். 1864 மாதிரியில் பட்டைகளே போய், மால்டாச் சிலுவை குடைந்த முழு எஃகுத் தகடு வந்தது. 1908 மாதிரியில் கை முழுவதும் கிண்ணத்துக்குள் மறைந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக, பித்தளையும் பொன்முலாமும் எங்கே குவிகின்றன என்று பாருங்கள். 1831இல் தளபதிகளுக்கு விதிக்கப்பட்ட, எகிப்திய மம்லூக் வீரர்களின் வாளைப் பின்பற்றிய மம்லூக் வாளில் யானைத்தந்தப் பிடியும் பொன்முலாம் பூசிய குறுக்குச் சட்டமும் மட்டும்தான்; விரல்களைக் காக்க ஒரு கம்பிகூட இல்லை. தளபதி வெட்டப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். லண்டனின் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையினர் தொடங்கிய லாயிட்ஸ் தேசபக்த நிதி 1803 முதல் வழங்கிய பரிசு வாள்களில் கைக்காப்பு முழுவதும் ஹெர்க்குலிஸ் கதைச் சின்னங்கள். நூறு பவுண்டு, ஐம்பது பவுண்டு, முப்பது பவுண்டு என்று விலையை வைத்தே அவற்றைத் தரம் பிரித்தார்கள்.

—

பூண் எழுதியது:

குதிரைலாயம் ஐயாவின் வாதம் சுவையானது. ஆனால் சான்றுகள் அவ்வளவு சீராக ஒரு பக்கம் சாயவில்லை.

முதலாவது, காலாட்படையிலேயே ரைஃபிள் படைப்பிரிவுகளின் அதிகாரிகள் 1827 முதல் இதே கோதிக் வடிவத்தை எஃகில் அணிந்தார்கள். முத்திரை எழுத்துக்குப் பதிலாகக் கிரீடமும் எக்காளமும் இருக்கும். வடிவத்தைக் கொண்டு போரிட முடியாது என்று கருதியிருந்தால் அவர்கள் அதை எடுத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவதாக, 1822க்கு முன் காலாட்படை அதிகாரி அணிந்தது 1796 மாதிரி: இரண்டு சிப்பித் தகடுகளும் ஒரு மெல்லிய விரற்காப்பும் கொண்ட நடைவாள் வகை. அதோடு ஒப்பிட்டால் கோதிக் கைக்காப்பு கையின் வெளிப்பக்கத்தை உண்மையாகவே மூடுகிறது. காக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. ஆனால் பொன்னிறத்தையும் மெல்லிய கம்பிகளையும் விட்டுக்கொடுக்க மனமில்லாததால் அந்த எண்ணம் பாதியில் நின்றுவிட்டது.

பித்தளை எப்போது போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 1892இல் அலகு முதலில் மாறியது. குத்துவதற்கென்றே செய்த நேரான, விறைப்பான அலகு பழைய பித்தளைக் கைக்காப்பிலேயே பொருத்தப்பட்டது. மூன்று ஆண்டு கழித்து, 1895இல்தான் துளையிட்ட எஃகுத் தகடு கைக்காப்பாக வந்தது. அதே 1895இல் படைக்கு வந்த புதிய வாட்பயிற்சி முறை, பிளாரன்ஸ் நகரத்து ஆசான் பெர்டினாண்டோ மாசியெல்லோவின் முறையை அடிப்படையாகக் கொண்டது. அந்த முறையில் கை முன்னால் நீண்டு நிற்கிறது. எதிரியின் முனை முதலில் தேடுவது கையையும் மணிக்கட்டையும்தான். கம்பிகளுக்கு இடையில் ஒரு நுனி நுழைந்துவிடலாம் என்னும்போது, பித்தளையா எஃகா என்பதைவிட இடைவெளியா தகடா என்பதே பெரிய கேள்வியாகிறது. பித்தளை வளையும் என்ற குறைபாடு முன்பே பேசப்பட்டதுதான். ஆனாலும் எழுபது ஆண்டுகள் பொறுத்திருந்தவர்கள் அந்த ஆண்டில் பொறுமை இழந்ததற்குப் பயிற்சி முறையின் மாற்றமே காரணம் என்று நான் கருதுகிறேன்.

—

குதிரைலாயம் எழுதியது:

மாசியெல்லோவை நான் மறுக்கவில்லை. ஆனாலும் பிரிட்டிஷ் படையில் கைக்காப்பின் வடிவத்தை முடிவுசெய்வதில் எதிரியின் வாளுக்கு இருந்த செல்வாக்கைவிடத் தையற்காரரின் புகாருக்கு இருந்த செல்வாக்கு குறைவில்லை என்பதற்கு நீங்கள் சொன்ன வாளே சாட்சி. 1895 எஃகுத் தகட்டின் உள்விளிம்பு அதிகாரியின் உடையை அரித்து நூல் பிரித்தது. இரண்டே ஆண்டில், 1897இல், அந்த விளிம்பைக் கீழ்நோக்கி மடித்து விட்டார்கள். அந்த 1897 மாதிரிதான் இன்றும் அணிவகுப்புகளில் காணப்படுகிறது. 1822இல் கீல் வைத்ததற்கும் இதே உடைதான் காரணம். 1796 மாதிரிக் கனரகக் குதிரைப்படை வாளின் வட்டத் தட்டுக் கைக்காப்பிலும் உடலை நோக்கிய விளிம்பைப் பல வீரர்கள் தேய்த்துக் குறைத்திருக்கிறார்கள். வாட்டர்லூ காலத்து வாள்களில் அந்த வெட்டு இன்றும் தெரிகிறது.

உறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் எஃகு உறையை இங்கே எல்லோரும் முன்னேற்றமாகவே பேசுகிறோம். அலகின் கூருக்கு எஃகு உறை பெரும் பகை. 15ஆம் ஹுஸார் என்ற இலகு குதிரைப்படைப் பிரிவின் கேப்டன் லூயிஸ் நோலன், சென்னை ஆளுநர் சர் ஹென்றி பாட்டிஞ்சருக்கு மெய்க்காவல் உதவியாளராக இருந்தவர். பின்னர் 1854இல், கிரிமியப் போரின் பாலக்லாவாச் சண்டையில், இலகு குதிரைப்படையை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாயவைத்த அந்தப் புகழ்பெற்ற ஆணையைச் சுமந்து சென்று மாண்டவரும் அவரே. ஐதராபாத் நிஜாமின் குதிரைவீரர்கள் ஒரே வெட்டில் கையையும் காலையும் துண்டித்த செய்தி அவருக்கு எட்டியது. அவர்களிடம் என்ன வாள் இருந்தது என்று அவர் விசாரித்தார். பிரிட்டிஷ் படை கழித்துப்போட்ட பழைய அலகுகளே அவை! இந்தியப் பிடி போட்டு, சவரக்கத்தி போலத் தீட்டி, மர உறையில் வைத்து, வேண்டும்போது மட்டுமே உருவினார்கள். பிரிட்டிஷ் வீரனோ அதே அலகை எஃகு உறைக்குள் நாள்தோறும் உருவியும் செருகியும் மழுங்கடித்தான். நோலன் இதை 1853இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். அதன் பிறகும் எஃகு உறை நீடித்தது. காரணம் எளிது: அது பளபளக்கும், உடையாது, கணக்கில் வைக்க வசதியானது.

—

அலைமேடு எழுதியது:

கடற்படை வாள் சேகரிப்பவன் என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு மட்டும். காலாட்படை 1854இல் கைவிட்ட மடக்குத் தகடு எங்கள் பக்கத்தில் தொடர்ந்தது. 1827 மாதிரிக் கடற்படை அதிகாரி வாளில் கைக்காப்பு கம்பியாக இல்லாமல் முழுத் தகடாக, கிரீடமும் கயிறு சுற்றிய நங்கூரமும் கொண்டு பொன்முலாம் பூசப்பட்டிருக்கும். அதன் மடக்குத் தகட்டில் ஒரு துளை உண்டு. தகட்டை மடக்கும்போது உறை வாயின் பித்தளைப் பூணில் உள்ள குமிழ் அந்தத் துளைக்குள் அமர்ந்து, வாள் உறையிலிருந்து நழுவாமல் பூட்டிக்கொள்ளும். ஆடும் கப்பலில் ஏணி ஏறுகிறவனுக்கு அந்தப் பூட்டு பயன்படுகிறது. தரையில் நடக்கிற காலாட்படைக்காரருக்குத் தகடு மடங்கினாலும் மடங்காவிட்டாலும் ஒன்றுதான், கீல் தளர்ந்து சலசலக்கும் தொல்லை மட்டும் மிச்சம். கோட்டைவாசலின் வாளில் ஈயம் பற்றவைத்ததற்குக் காரணம் அந்தச் சலசலப்பாகவே இருக்கக்கூடும்.

—

ரசக்குடுவை எழுதியது:

உள்வாங்கிய கம்பியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை நிமிர்த்த முயல வேண்டாம். பித்தளை ஒருமுறை வளையும்போது அந்த இடத்தில் இறுகிவிடுகிறது. திருப்பி வளைத்தால் அங்கேயே விரிசல் விடும். நெருப்பில் காட்டிப் பதப்படுத்தினால் வளைக்கலாம்தான், ஆனால் மிச்சமுள்ள முலாமும், கீலின் ஈயப்பற்றும், அருகிலுள்ள மீன் தோலும் அதோடு போய்விடும்.

அம்மோனியாவை விலக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. உள்ளே இறுக்கம் தங்கிய பித்தளை, ஈரத்தோடு அம்மோனியா பட்டால் எந்த அடியும் இன்றித் தானே பிளக்கும். பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு இது கசப்பான பாடம்: மழைக்காலத்தில் லாயங்களுக்கு அருகே வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவே காரணம் என்பது 1921இல்தான் விளக்கப்பட்டது. வார்ப்புக் கைக்காப்பில் உள்ளிறுக்கம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு. ஆனால் தகட்டை மடித்து இழுத்துச் செய்த உறைப் பூண்களிலும், உங்கள் கைக்காப்பில் வளைந்துபோன அந்த ஒரு கம்பியிலும் ஆபத்து உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். எஃகுக் காம்பு பித்தளையின் துளை வழியே செல்லும் இடத்தில் ஈரம் தங்கினால், இரண்டு உலோகங்களில் எஃகுதான் துருப்பிடித்துத் தேயும். பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. வெளியே பொன்னாக மின்னும் பிடிக்குள் காம்பு பாதியாக இளைத்திருக்கலாம். ஆகவே இந்த வாளை வீசிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

—

கோட்டைவாசல் எழுதியது:

நண்பர் உறைக்குள் சொன்னபடி வாளை உறையில் செலுத்திப் பார்த்தேன். முக்கால் பங்கு தடையின்றி இறங்கிய அலகு, கடைசி நான்கு விரற்கடையில் முதுகுப்பக்கம் உரசி நிற்கிறது. மெதுவாக அழுத்தினால் இறங்குகிறது. ஆனால் கைக்காப்பின் அடிக்கும் வாய்த்தகட்டுக்கும் இடையில் ஒரு பத்து ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி நிற்கிறது. அலகின் முதுகில் அந்த உரசல் இடத்தில் மட்டும் புதுக் கீறல்கள் பளிச்சென்று இருக்கின்றன. பழைய கீறல் எதுவும் இல்லை.

—

உறைக்குள் எழுதியது:

பழைய கீறல் இல்லை என்பது முக்கியமான செய்தி. இந்த உறையில் இந்த அலகு பல ஆண்டு பயன்பாட்டில் இருந்திருந்தால், அந்த இடத்தில் முதுகு மழுங்கித் தேய்ந்து, துருவோடு கலந்த பழைய தடம் ஓடியிருக்கும். புதுக் கீறல் மட்டும் இருப்பதால், இரண்டையும் அண்மைக் காலத்தில்தான் யாரோ சேர்த்திருக்கிறார்கள் என்றே நான் எழுதுவேன். அட்ஜுடன்ட் கதையை இனி யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

உங்கள் குறிப்பேட்டில் வாளை 1845 முதல் 1854 வரையிலானது என்றும், கீல் பின்னர் பற்றவைக்கப்பட்டது என்றும், உறை வேறொரு வாளுக்கு உரியது, பெரும்பாலும் 1866க்குப் பிந்தையது என்றும் தனித்தனியாக எழுதி வையுங்கள். ஈயப்பற்றை அகற்ற வேண்டாம். அதுவும் வாளின் பணிக்காலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். வாளை இனி அந்த உறைக்குள் வைக்காதீர்கள். அலகில் மெல்லிய எண்ணெயோ நுண்படிக மெழுகோ தடவி, அமிலம் இல்லாத காகிதத்தில் சுற்றிப் படுக்க வையுங்கள். உறையை அதன் பக்கத்தில் தனியாக வைக்கலாம். தோல் உறை ஒன்று பின்னால் விலைக்கு வந்தால், வாய்ப்பூணின் பித்தளை நிறம் கைக்காப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு முன், அதன் வளைவை ஒரு காகிதத்தில் வரைந்து அனுப்பச் சொல்லி உங்கள் அலகின் மேல் வைத்துப் பாருங்கள்.